பெயர் வேறு, இருப்பிடம் வேறு
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் கணினித்துறைப் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



செங்கலடியில் ஒருவர் வங்கி இயந்திரத்தில் அட்டையைப் போடுகிறார். அவருடைய கணக்கோ வேறோர் ஊரில், வேறொரு கணினியில் இருக்கிறது. இப்படிப் பல கணினிகள் இணைந்து ஒன்றுபோல இயங்குவதைப் பரம்பிய கணினி முறைமை என்கிறோம். ஒரே கணினிக்குள் இருப்பதை நினைவகத்தில் அது இருக்கும் இடத்தைச் சொல்லி எடுத்துவிடலாம். அடுத்த கணினிக்கு அந்த இட எண்ணால் பயனில்லை. அப்படியானால் தொலைவில் உள்ள ஒன்றை எப்படிக் குறிப்பிடுவது? இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

பாடநூல்களில் உள்ள ஒரு வழி, நான்கு துண்டுகளைச் சேர்த்து ஓர் அடையாளம் ஆக்குவது. கணினியின் இணைய முகவரி, அதில் செய்தி வந்து சேரும் வாயிலின் இலக்கம், அங்குள்ள நிரல் இயங்கத் தொடங்கிய நேரம், அந்த நிரலுக்குள் பொருளின் வரிசை எண் ஆகியவையே அந்த நான்கும். நேரம் எதற்கு? நிரலை நிறுத்தி மீண்டும் இயக்கினால் வரிசை எண் முதலிலிருந்து தொடங்கக்கூடும். நேற்றைய ஐந்தாம் பொருள் வேறு, இன்றைய ஐந்தாம் பொருள் வேறு. நேரம் இருப்பதால் இரண்டும் மாறிப்போகா.

நமது தேசிய அடையாள அட்டையிலும் இந்தச் சிக்கல் இருந்தது. பழைய இலக்கத்தில் பிறந்த ஆண்டுக்கு இரண்டு இலக்கங்களே. 1916இல் பிறந்தவருக்கும் 16, 2016இல் பிறந்தவருக்கும் 16. 2016 முதல் வந்த 12 இலக்க முறையில் ஆண்டு முழுதாக வருகிறது. ஆண்டை அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள், இங்கே இருக்கும் நம் எல்லோருக்கும் அது 500ஐத் தாண்டியிருக்கும்.

ஆனால் முன்னே சொன்ன நான்கு துண்டுகளில் ஒரு குறை உண்டு. அடையாளத்துக்குள்ளேயே முகவரி கலந்திருக்கிறது. பொருள் வேறு கணினிக்கு மாறினால் பழைய குறிப்பு செல்லாது. இதை மட்டக்களப்பாருக்கு விளக்கத் தேவையில்லை. 2004 டிசம்பர் 26இல் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்த நாவலடி அழிந்தது. உயிர்தப்பிய பலர் திராய்மடுவில் குடியேறினார்கள். “நாவலடி, இன்னார் வீடு” என்ற விலாசம் அதன்பின் யாரைக் கண்டுபிடிக்கும்? அடையாள அட்டை இலக்கத்திலோ ஊர் இல்லை. ஆள் எங்கே போனாலும் அது செல்லும்.

ஆகவே பெயரையும் இருப்பிடத்தையும் பிரித்து வைக்க வேண்டும். பெயர் மாறாது. இருப்பிடத்தை ஓர் இடாப்பில் எழுதி, மாறும்போது அந்த ஒரு வரியை மட்டும் திருத்த வேண்டும். இணையத் தளங்களின் பெயர்கள் இப்படித்தான் இயங்குகின்றன. “.இலங்கை” என்று தமிழிலேயே முடியும் பெயர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஜாவா மொழியின் தொலை அழைப்பு முறையில், ஒரு பொருளைக் குறித்து வைத்திருக்கும் கணினி “இன்னும் வேண்டும்” என்று இடையிடையே அறிவிக்க வேண்டும். வழக்கமான தவணை 10 நிமிடம். எவரும் அறிவிக்காவிட்டால் அந்தப் பொருள் அகற்றப்படலாம்.

இனி நமது சங்கத்துக்கு வருகிறேன். பெண் பிள்ளைகளின் பெயர் திருமணத்தோடு மாறுகிறது. விலாசம் படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கும், அங்கிருந்து இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மாறுகிறது. மாறாமல் இருப்பது பாடசாலைச் சேர்வு இடாப்பில் உள்ள சேர்விலக்கம். போரிலும் கடலிலும் பத்திரங்களை இழந்த ஒருத்திக்கு, தான் யார், எப்போது பிறந்தாள், எங்கே படித்தாள் என்று காட்ட அந்த ஒரு வரிதான் மிஞ்சியிருக்கக்கூடும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, சேர்வு இடாப்புகளை ஒளிப்படமாக்கி இரண்டு இடங்களிலாவது வைப்போம். அவற்றில் ஒன்று வாவிக்கரைக்கு அப்பால் இருக்கட்டும். இரண்டாவது, சங்க அங்கத்துவத்துக்குச் சேர்ந்த ஆண்டையும் சேர்விலக்கத்தையும் சேர்த்தே இலக்கமாக்குவோம். புதிய இடாப்பு தொடங்கும்போது எண் மீண்டும் ஒன்றிலிருந்து வந்தாலும் ஆண்டு பிரித்துக் காட்டும். அடையாள அட்டை இலக்கத்தை இதற்கு எடுக்க வேண்டாம், அது பிறந்த நாளை எல்லோருக்கும் சொல்லிவிடும். மூன்றாவது, ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் விலாசத்தைப் புதுப்பிப்போம்.

ஒன்றில் மட்டும் கணினியைப் பின்பற்ற வேண்டாம். பதில் வராதவரின் பெயரை வெட்டிவிடாதீர்கள். பதில் எழுத முடியாத இடத்தில் அவர் இருக்கலாம். ஒருநாள் அவரோ அவருடைய மகளோ இந்த வாசலுக்கு வந்து கேட்கும்போது, அந்த வரி இடாப்பில் இருக்க வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பாடசாலை விடுகைப் பத்திரத்தைத் தேடி எடுத்து, அதிலுள்ள சேர்விலக்கத்தைச் செயலாளருக்கு அனுப்பி வையுங்கள். பத்திரம் இல்லாதவர்கள் சேர்ந்த ஆண்டையும் அன்றைய பெயரையும் அனுப்பினால் போதும், மிச்சத்தை இடாப்பில் தேடிக்கொள்வோம்.