புகைபோக்கி நிற்கிறது, தொழிலாளர் எங்கே?

(சித்தூரில் தமிழ்த் தோழர்களுக்கான கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

அண்மையில் மும்பை சென்றிருந்தபோது, லோயர் பரேலில் உள்ள பீனிக்ஸ் வணிக வளாகத்தைப் பார்த்தேன். 1905இல் தொடங்கப்பட்ட பருத்தி ஆலை அது. இன்று அங்கே வெளிநாட்டுக் கைக்கடிகாரங்களும் காலணிகளும் விற்கப்படுகின்றன. பழைய புகைபோக்கி மட்டும் அலங்காரமாக நிற்கிறது. அதனருகே இளைஞர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறைகூற நான் வரவில்லை. அந்தப் புகைபோக்கியின் கதையை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதே என் கவலை.

அப்பகுதியை மராத்தியில் கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர் என்பர். 1928இல் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது, கிர்ணி காம்கார் யூனியன் அங்கேதான் பிறந்தது. 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நூல் நூற்பதைவிட நிலத்தை விற்பது முதலாளிகளுக்கு இலாபமாயிற்று.

1991ஆம் ஆண்டு விதிப்படி, விற்கப்படும் ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொதுத் திடலுக்கும், இன்னொரு பங்கு பொது வீட்டுவசதிக்கும் உரியவை. 2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடமில்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றாயிற்று. 2006இல் உச்சநீதிமன்றமும் அத்திருத்தத்தை ஏற்றது. ஒரு சொல் மாற்றத்தில் நகர மக்களின் பங்கு சுருங்கிப்போயிற்று.

‘மறுமேம்பாடு’ என்னும் சொல்லை நான் எத்தனையோ முறை மொழிபெயர்த்திருக்கிறேன். அச்சொல் நான்காம் வேற்றுமையை மறைத்துவிடுகிறது. யாருக்கு மேம்பாடு? கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இது தொலைதூரத்துக் கதை அன்று. நம் சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், திருப்பதியை அடுத்த காஜுலமண்டியம் ஆலையும் மூடப்பட்டன. அவை தனி முதலாளியின் சொத்தல்ல. கரும்பு விவசாயிகளின் பங்குப் பணமும் தொழிலாளரின் உழைப்பும் சேர்ந்து எழுப்பியவை. நாளை அந்நிலங்களுக்கு எவரேனும் அழகிய வரைபடத்தோடு வரக்கூடும். புகைபோக்கியைப் பாதுகாப்போம் என்றும் சொல்லக்கூடும். அப்போது வாதிட்டுப் பயனில்லை. இப்போதே நம் கோரிக்கையைத் தெளிவாக வைக்க வேண்டும். ஆலையைத் திறப்பதே முதற் கோரிக்கை. அது இயலாதெனில், விவசாயிகளுக்கும் தொழிலாளருக்கும் உரிய பாக்கி தீராமல் ஒரு சென்ட் நிலமும் கைமாறக் கூடாது.

கட்டடத்தைக் காப்பது நல்லதே. அதைக் கட்டியெழுப்பியவர்களைக் காப்பது அதற்கும் முந்தைய கடமை, தோழர்களே!