கண்டது வேறு, கருதியது வேறு
(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வயிற்றுக்குள் இருக்கும் சங்கதி. நாம் வைத்தியம் படித்தவர்களல்ல. ஆனாலும் வயிறு எல்லோருக்கும் இருப்பதால் அதைப்பற்றிக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. (சிரிப்பு)

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளமுள்ளது. வாய் வழியாகவும், ஆசனவாய் வழியாகவும் விட்டுப் பார்க்கும் சாதாரணக் குழாய்கள் அதன் இரு முனைகளோடு நின்றுவிடுகின்றன. நடுவில் இரத்தம் கசிந்தால் காண்பது வெகு கஷ்டமாயிருந்தது. இஸ்ரேல் தேசத்து இஞ்சினீயர் கவ்ரியேல் இடான் என்பவரின் முயற்சியால், விழுங்கக்கூடிய காமிரா மாத்திரை உண்டாகி, 2001-ல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது. நீளம் 26 மில்லிமீட்டர். கனம் 11 மில்லிமீட்டர். குடலின் அசைவே அதைத் தள்ளிக்கொண்டு போகின்றது. வினாடிக்கு 2 படம் வீதம் 8 மணி நேரம் எடுத்தால் 57,600 படங்கள்!

படம் வந்துவிட்டது, வழக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒரே படத்தைப் பார்த்து ஒரு வைத்தியர் இரத்தக்குழாய்க் கோளாறு என்கிறார். மற்றவர் வெறும் சிவப்பு என்கிறார். ஒரே கோளாறுக்கு ஆஞ்சியெக்டேசியா, ஆஞ்சியோடிஸ்ப்ளேசியா என்று பல பெயர்கள் வேறு.

பெயர் எதுவானால் என்ன, நோய் தீர்ந்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலிக்காகப் பல மாதம் மாத்திரை தின்றவன் குடலில் சிறு சிறு அரிப்புகள் காணப்படலாம். சுகமாயிருப்பவர்களிடத்தில்கூடச் சில வேளை ஒன்றிரண்டு தென்படுவதுண்டு. கண்டதைக் கண்டபடி “சிறு அரிப்பு” என்று எழுதினால், மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்ற யோசனை வரும். அவசரப்பட்டு “கிரோன் நோய்” என்று எழுதிவிட்டால், அவன் வருஷக்கணக்கில் கடுமையான மருந்து சாப்பிட வேண்டியதுதான். தலையெழுத்தில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வைத்தியர் காகிதத்தில் எழுதும் எழுத்து ஏழையின் தலையெழுத்தாகிவிடுகின்றதே!

இதற்காகவே 2005-ல் இந்தப் பரிசோதனைக்கென ஒரு சொல் பட்டியல் வெளியிட்டார்கள். கண்டது ஒரு பக்கம். அதிலிருந்து கருதும் நோய் மற்றொரு பக்கம். பிறகு பல தேசத்து நிபுணர்கள் கூடி, 2019-ல் இரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கும், 2020-ல் கிரோன் நோயில் காணும் புண்களுக்கும் பெயர்களையும் இலக்கணத்தையும் வகுத்தார்கள். எல்லை தெளிவாய், தட்டையாய், பளிச்சென்று சிவந்து, உள்ளே நெளிந்த நுண்குழாய்கள் திரண்டு தெரிந்தால்தான் ஆஞ்சியெக்டேசியா. குழாய் தெரியாவிட்டால் சிவந்த திட்டு. 1 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

அவர்கள் கையாண்ட முறைக்கு டெல்பி முறை என்று பெயர். டெல்பி என்பது பழைய கிரேக்க தேசத்தில் குறி கேட்கப் போன கோவில் இருந்த ஊர். (சிரிப்பு) பெயர் அப்படியே தவிர, காரியம் நேர்விரோதம். ஒவ்வொருவரும் தனித்தனியே அபிப்பிராயம் எழுதுகிறார்கள். இன்னார் எழுதியது இன்னது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தொகையைப் பார்த்து மறுபடியும் ஓட்டுப் போடுகிறார்கள். பெரிய டாக்டர் சொன்னார் என்று தலையாட்ட அங்கே இடமில்லை.

பலர் ஒப்புக்கொண்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? ஆகாது. ஆனால் எல்லோரும் ஒரே பொருளுக்கு ஒரே பெயர் சொன்னால்தான், தப்பு நேர்ந்தபோது தப்பென்று காட்ட முடியும். இன்று இப்படங்களைப் பார்க்கக் கம்ப்யூட்டருக்கும் கற்பிக்கிறார்கள். நம் குழப்பத்தைக் கற்பித்தால் அது குழப்பத்தையே வேகமாய்ச் செய்யும்.

ஆகவே தோழர்களே, இனி எந்த வைத்தியர் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் மரியாதையாக இரண்டு கேள்வி கேளுங்கள்: நீங்கள் கண்டது என்ன? கருதுவது என்ன? நல்ல வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.