கவலையில் நின்ற கல்



'கவலை' என்னும் சொல்லுக்கு இன்று நாம் அறிந்த பொருள் மனத்துயர் ஒன்றே. பழந்தமிழில் அதற்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு வழி பல வழிகளாகப் பிரியும் இடத்தையும் நம் முன்னோர் கவலை என்றே வழங்கினர். எவ்வழிச் செல்வது என்று அறியாமல் வழிப்போக்கன் திகைத்து நிற்கும் இடம் அன்றோ அது? அந்தத் திகைப்பைத் தீர்ப்பதற்குத் தமிழ் மக்கள் செய்த ஏற்பாடுகளைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் தலைவனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகூறும் நூல். கிளைவழிகளில் செல்லும் நாட்டின் பெயரை வழிப்போவார் அறியும்படி எழுதிவைத்த செய்தியை அதில் காண்கிறோம். அதனினும் சிறந்த செய்தி ஒன்றும் அதில் உண்டு. பாதைகள் கூடும் இடத்தில் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அக்கூத்தர்க்கு அறிவுரை கூறப்படுகிறது. யாருக்காக அந்த அடையாளம்? முடிபவர்க்காக அன்று, அந்நிலத்தை முன்பு அறியாத புதியவர்க்காக. பின்னே வருபவன் முகம் அறியாதவன். ஆயினும் அவன் வழி தவறலாகாது என்னும் அருள் உள்ளம் ஒரு பிடி புல்லில் விளங்குகிறது.

அந்த உள்ளம் பிற்காலத்தில் கல்லிலும் இடம் பெற்றது. தருமபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழியைச் சேர்ந்த கல் ஒன்று கிடைத்துள்ளது. அது 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாவல் தாவளம் என்னும் ஊருக்கு 29 காதம் என்று அக்கல் கூறுகிறது. தாவளம் என்பது வணிகர் தங்கும் இடம். எழுத்தாலும் எண்ணாலும் தொலைவைக் குறித்தவர் அவ்வளவில் அமையவில்லை. இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் கல்லில் பொறித்தனர். பெரிய குழி ஒன்று பத்தைக் குறிக்கும். சிறிய குழி ஒன்றைக் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரனும் விரலால் தடவித் தொலைவை அறியலாம். கற்றவர்க்கு மட்டுமே வழி உரியது என்று அக்கல்லை நாட்டியவர் எண்ணவில்லை.

இனி நம் கடற்கரைப் பகுதிக்கு வருவோம். முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகியோர் காலத்தில் வாழ்ந்த படைத்தலைவன் நரலோகவீரன். மாசித் திருவிழாவில் தில்லை இறைவன் கடலாட எழுந்தருளும் பொருட்டு, கடற்கரையில் மண்டபமும் அங்குச் செல்லப் பெருவழியும் அமைத்தான் என்று சிதம்பரம் கோயிற் கல்வெட்டு கூறுகிறது. கல்வெட்டு இல்லையேல் அச்சாலையை அமைத்தவன் யார் என்று நாம் எங்ஙனம் அறிவோம்?

கடலூரிலோ வேறு வகையான அடையாளத்தைக் காண்கிறோம். 1690-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். அதுவே செயின்ட் டேவிட் கோட்டை. அதனைச் சூழ்ந்த நிலத்துக்கு எல்லை வகுத்த முறை விந்தையானது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டனர். குண்டு விழும் தொலைவுக்குள் அமைந்த ஊர்கள் கம்பெனிக்கு உரியவை ஆயின. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயரில் அந்தக் குண்டின் ஓசை இன்றும் கேட்கிறது. புல்லை முடிந்தவன், 'இது உன் வழி' என்று பிறனுக்குக் காட்டினான். குண்டு எறிந்தவன், 'இது என் நிலம்' என்று பிறனுக்குக் காட்டினான். இரண்டும் அடையாளங்களே. எனினும் இரண்டின் நோக்கமும் எத்துணை வேறு!

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே புதுச்சத்திரம் என்று ஓர் ஊர் உள்ளது. வழிநடந்தோர் தங்கிய சத்திரத்தின் நினைவு அப்பெயரில் நிலைத்திருக்கிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் சாலையும், பண்ணுருட்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் வடலூர். அங்கே இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் தருமசாலையை நிறுவினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் பசித்தவர்க்குச் சோறு ஆக்குகிறது. நாற்சந்தியில் நாட்டத்தக்க அடையாளம் இதனினும் சிறந்தது வேறு உண்டோ?

நண்பர்களே, இந்நாளில் சாலைகள் அகலுகின்றன. அகலத்தான் வேண்டும், ஊர் வளர்ந்தால் வழியும் வளரும். ஆயினும் அகலும் சாலையின் ஓரத்தில் மைல்கல்லும் சுமைதாங்கியும் மண்ணில் புதைகின்றன. சில வேளைகளில் அடித்தளத்துக்குச் சல்லியாகவும் உடைகின்றன. நாட்டில் மெட்ரிக் அளவை வந்தபின் மைல்கல்லால் பயன் இல்லை என்று கருதுவோரும் உளர்.

இங்கே ஓர் உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். செப்புத் திருமேனியை எங்கே கொண்டு சென்றாலும் அதன் அழகு குறையாது. வழிகாட்டும் கல்லோ அத்தகையது அன்று. '29 காதம்' என்னும் சொல், கல் நின்ற இடத்திலிருந்து எண்ணினால்தான் மெய். கல்லைப் பத்தடி நகர்த்தினால் குற்றமில்லை. பத்துக் கல் தொலைவு கொண்டு சென்றால் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். நின்ற இடம் எது என்ற குறிப்பும் இல்லாது போனால், அது எழுத்துள்ள வெறுங்கல்.

ஆதலால் உங்கள் ஊர்ச் சந்திப்பில் பழங்கல் ஒன்றைக் கண்டால், அதனைப் பெயர்க்காதீர்கள். எழுத்தின்மேல் சுண்ணாம்பும் பூசாதீர்கள். அது நிற்கும் இடத்தையும், நோக்கும் திசையையும், அருகிலுள்ள குளத்தையும் கோயிலையும் குறித்துக்கொள்ளுங்கள். நிழற்படம் எடுங்கள். ஊர் முதியோரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். சாலைப் பணி தொடங்குமுன் எழுதுவது நலம்; தொடங்கிய பின் எழுதினால் கல் இராது.

இது பெரும் புலமை வேண்டும் செயல் அன்று. ஒரு தாளும் எழுதுகோலும் போதும். பின் வருபவர்க்காகப் புல்லை முடிந்தவர்க்கு அவையும் இல்லை.