வம்ச அட்டவணையும் எங்கள் கேஸ் சீட்டும்

(மலைப்பணி தாங்குவோர் கூடுகையில் ஆற்றிய உரை)





மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்! பெயர் பெயராக வரும் அந்த வம்ச அட்டவணையில் தாமாரும் ராகாபும் ரூத்தும் இருக்கிறார்கள். எழுதினவர் அவர்களை மறைக்கவில்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் விருந்தினர் சிலர் தங்கள் குடும்பத்தின் வம்ச அட்டவணையைக் கையோடு கொண்டுவருவதுண்டு. ஞானஸ்நானப் பதிவேடு, உயில், கல்லறைக் கல் என்று தேடித்தேடிச் சேர்த்தது. அவர்களைப் பார்த்த ஆசையில், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் முன்னோர்களை நாங்களும் படித்துப் பார்த்தோம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய சம்பவம் உங்களுக்கு மனப்பாடம். அதை இங்கே சொல்லப்போவதில்லை. 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்த அவர்களுக்கு முன்னே யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

மேலே போகப் போக, அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாயிருந்த காலத்தில், மாசசூசெட்சு மாகாணத்துச் சேலத்தில் குடியேறிய தாமஸ் ஸ்கடர் வரை போகிறது. (நம் சேலம் அல்ல, வேதத்துச் சாலேமின் பெயரை வைத்த ஊர்.) அந்த வரிசையில் எங்களைத் திகைக்க வைத்தவர் ஐடாவின் தாத்தாவுக்குத் தாத்தா, நத்தானியேல் ஸ்கடர். 1733-ல் பிறந்தவர். வைத்தியர், சபை மூப்பர். நியூ ஜெர்சியின் சார்பில் காங்கிரசில் அமர்ந்து, 1778-ல் கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அதோடு மக்கள் படையின் கர்னலும்கூட! 1781 அக்டோபரில், ஆங்கிலேயருக்கு ஆதரவாக ஊருக்குள் புகுந்த கூட்டத்தை எதிர்க்கப் போய்க் குண்டடிபட்டு மாண்டார். அந்தச் சுதந்திரப் போரில் போரிட்டு உயிர்விட்ட காங்கிரஸ் உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

காயத்துக்குக் கட்டுப்போடக் கற்ற கை துப்பாக்கி ஏந்தியிருக்கிறது. இதை ஊழியக் கூட்டத்தில் சொல்லலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. மத்தேயுவை நினைத்துச் சொல்லிவிட்டோம்.

அவர் மாண்டு பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பேரன்தான் டாக்டர் ஜான் ஸ்கடர். நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்தவர். நோயாளி ஒருவர் வீட்டில் கண்ணில்பட்ட மிஷன் துண்டுநூல் அவரைப் புரட்டிப்போட்டது. 1819-ல் மனைவி ஹேரியட்டோடு கப்பலேறினார். கல்கத்தாவில் சிறு மகளை அடக்கம் செய்துவிட்டுத்தான் அவர்கள் இலங்கைக்குப் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவமனை நடத்தி, 1836-ல் சென்னைக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் 1853-ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள்.

இவையெல்லாம் காகிதத்தில் இருந்ததால் கிடைத்தன. மலை மக்களுக்குக் காகிதம் ஏது என்று எண்ணியிருந்தோம். எங்கள் கேஸ் சீட்டில் "குடும்ப வரலாறு" என்று ஒரு வரி உண்டு. அதில் பெரும்பாலும் "ஒன்றுமில்லை" என்றே எழுதிவந்தோம். வரிசை நீளமாக இருக்கும், ஜீப் இருட்டுவதற்குள் இறங்கவேண்டும். அதுதான் சாக்கு.

ஒரு சாமை அறுப்புக் காலத்தில், நிறைமாதப் பேத்தியை அழைத்து வந்த ஆயா ஒருவர் எங்கள் சிஸ்டரிடம், "ஒண்ணுமில்லேன்னு எழுதறியே, எங்க வம்சம் ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து சொன்னார். காஞ்சிபுரத்து வேளாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேரைக் கங்குந்தி வேடர்கள் தூக்கிப்போனார்கள். மீட்கப் புறப்பட்ட ஏழு ஆண்கள் ஏழு நாய்களைக் கூட்டிப்போனார்கள். நாய் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவைத்தார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் வந்துவிட்டன. வேடர்களை வென்று இவர்கள் வீடு வந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. மனைவிமார் விதவைக்கோலத்தில் நின்றார்கள். ஊர் ஏற்கவில்லை. வேடர் பெண்களைக் கட்டி இந்த மலையேறினார்கள்.

"உசுரோட இருக்கச்சே கருமாதி பண்ணினாங்க எங்க பாட்டன்மாருக்கு" என்று ஆயா சிரித்தார். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட நூலிலும் இக்கதை ஏறக்குறைய இப்படியே இருக்கிறது. ஆயா அந்த நூலைக் கண்டவரல்ல.

சிஸ்டர் சீட்டை மூடவில்லை. "அப்புறம் சொல்லு ஆயா, உன் மக எங்கே?" என்று கேட்டார். மகள் இந்தப் பெண்ணைப் பெற்றபோது இரத்தம் நிற்காமல், டோலி கட்டித் தூக்கிவரும் வழியிலேயே இறந்துபோனாள். ஆயாவின் தங்கைக்கும் அதே முடிவு. நாங்கள் அந்தப் பெண்ணை அதற்குமுன் இருமுறை பரிசோதித்திருந்தோம். இருமுறையும் சீட்டில் "ஒன்றுமில்லை"!

பேறுகாலத்துக்குப் பத்து நாள் முன்பே அவளைக் கீழே அழைத்துவந்து தங்கவைத்தோம். பிள்ளை பிறந்ததும் பயந்தபடியே இரத்தப்போக்கு வந்தது. இரத்தம் தயாராக இருந்தது; கொடுத்தவர்கள் எங்கள் நர்சிங் மாணவிகள் இருவர். கர்த்தருடைய கிருபையால் தாயும் பிள்ளையும் சுகமாக மலைக்குத் திரும்பினார்கள்.

இப்போது கேஸ் சீட்டின் பின்பக்கம் முழுவதையும் குடும்பத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். மூன்று தலைமுறை எழுத இடமிருக்கிறது. அச்சிட்ட செலவை இக்கூடுகையில் அமர்ந்திருக்கும் ஒருவர் ஏற்றுக்கொண்டார். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை.