பார்க்கட்டும், கேட்கட்டும், செய்து பார்க்கட்டும்!

(ஆசிரியைகளும் பெற்றோரும் ஜமாஅத் நிர்வாகிகளும் கலந்துகொண்ட கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

   

சமுதாயத்தின் உரிமைகளைப் பேசும் மேடையில் மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணத்தோடுதான் பேசுகிறேன்.

2006ஆம் ஆண்டு அறிக்கை தந்த நீதிபதி சச்சார் குழு, 6 வயதிலிருந்து 14 வயது வரையுள்ள நமது பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கூடத்தின் பக்கமே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று நாட்டுக்குச் சொன்னது. 2007இல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தது. வீதியில் நின்று கேட்டோம்; கிடைத்தது; அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கல்லூரி வாசலில் கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா? அந்த வாசல் வரை நடந்து வர வேண்டிய பிள்ளை, எட்டு வயதிலேயே அறிவியல் என்றால் மனப்பாடம், மனப்பாடம் என்றால் அடி என்று வெறுத்து ஒதுங்கிவிட்டால் அந்த இடத்தில் யார் போய் உட்காருவது?

எந்த ஊரிலும் ஒரு வகுப்பறை ஜன்னல் ஓரம் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். "தாவரத்தின் பாகங்கள் யாவை?" என்று கேள்வி வரும். நாற்பது குரல்கள் ஒரே ராகத்தில் பதில் சொல்லும். வேர், தண்டு, இலை, பூ, காய், கனி! ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரம் நிற்கிறது. அந்த நாற்பது பிள்ளைகளில் ஒருவரையாவது அதன் அடியில் கொண்டு போய் நிறுத்தினோமா? ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டினோமா? இல்லையே! இது என்ன படிப்பு?

மார்க்கம் காட்டும் பாடமுறை

அருமைச் சகோதரர்களே! ஒட்டகம் எப்படிப் படைக்கப்பட்டிருக்கிறது, வானம் எப்படி உயர்த்தப்பட்டிருக்கிறது, மலைகள் எப்படி நாட்டப்பட்டிருக்கின்றன என்று பார்க்கமாட்டார்களா எனத் திருக்குர்ஆன் கேட்கிறது (88:17-20). பார்க்கச் சொல்கிறது! ஆதம் நபியின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தபோது அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது தரையைக் கிளறிக் காட்டியது (5:31). மனிதன் பார்த்துக் கற்றுக் கொண்டான்.

நபி (ஸல்) அவர்கள் எப்படிக் கற்றுக் கொடுத்தார்கள்? தொழுகையை வெறும் சொல்லால் விளக்கிவிட்டுப் போகவில்லை. தாம் தொழுவதைப் பார்த்து அதுபோல் தொழச் சொன்னார்கள். மனிதனையும் அவனது ஆசைகளையும் மரணத்தையும் விளக்கத் தரையில் கோடு கிழித்துப் படம் போட்டுக் காட்டினார்கள். இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று சபையில் விடுகதை போட்டார்கள். இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்ச மரம் என்று விடை தெரிந்தும், பெரியவர்கள் இருக்கிறார்களே என்ற வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று பின்னர் தந்தை உமர் (ரலி) ஆதங்கப்பட்டார்கள். இந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நமது வகுப்பில் இப்படி வாய் மூடி உட்கார்ந்திருக்கும் இப்னு உமர்கள் எத்தனை பேர்?

நிழல் சொல்லும் பாடம்

இனிச் செய்முறைக்கு வருகிறேன். ஆசிரியைகளே, காசில்லாத கருவி ஒன்று சொல்கிறேன். பள்ளி முற்றத்தில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நேராக நடுங்கள். காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை அரை மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியைப் பிள்ளைகள் குறிக்கட்டும். குறிக்கும் முன் கேளுங்கள்: அடுத்த நிழல் நீளுமா, குறையுமா? எந்தப் பக்கம் நகரும்? ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைச் சொல்லட்டும். பிறகு பார்க்கட்டும்.

மிகக் குட்டையான நிழல் வடக்கு தெற்காக விழும். திசைகாட்டி இல்லாமலே நான்கு திசையும் கிடைத்துவிட்டது! மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பினால் நமது ஊர்களின் கிப்லா. நிழல் மறுபடி நீளத் தொடங்கினால் லுஹருடைய நேரம். உச்சி நிழல் போக, கம்பின் உயரத்துக்கு நிழல் வளர்ந்தால் ஷாஃபி மத்ஹபில் அஸர்; இரு மடங்கானால் ஹனஃபி மத்ஹபில் அஸர். மக்தபில் படித்த பாடமும் பள்ளியில் படிக்கும் பாடமும் ஒரே கம்பின் நிழலில் சந்திக்கின்றன.

டிசம்பரில் உச்சி நிழல் வடக்கே விழும். ஜூன் மத்தியில் அதே கம்பின் நிழல் தமிழகத்தில் தெற்கே விழும். ஏப்ரல் கடைசியில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் சென்னையில் உச்சியில் நிழலே இருக்காது. ஏன்? இந்த "ஏன்" பிள்ளையின் வாயிலிருந்து வந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பிறை பார்க்கும் பிள்ளைகள்

பிறை விஷயத்தில் நாம் ஆண்டுதோறும் சண்டை போடுகிறோம். ஒரு மாதம் முழுக்கத் தொடர்ந்து நிலாவைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? பிள்ளைகள் பார்க்கட்டும். முதல் பிறையிலிருந்து தினமும் மஃரிபுக்குப் பிறகு நிலா எங்கே நிற்கிறது, எவ்வளவு தெரிகிறது என்று நோட்டில் வரையட்டும். மேற்கில் தொடங்கியது நாளுக்கு நாள் கிழக்கே தள்ளிப்போய், முழு நிலவு அன்று சூரியன் மறையும் வேளையில் கிழக்கில் உதிப்பதைத் தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.

நிலா ஏன் தேய்கிறது என்று கேளுங்கள். பூமியின் நிழல் என்று பெரியவர்களே சொல்வார்கள். அது கிரகணத்துக்குக் காரணம், பிறைக்கு அல்ல. ஏழாம் பிறை வாக்கில் மாலை நான்கு மணிக்கு வெயில் இருக்கும்போதே நிலாவும் தெரியும். ஒரு வெள்ளைப் பந்தை வெயிலில் நிலா இருக்கும் திசையில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். நிலாவில் எந்தப் பாதி ஒளிர்கிறதோ அதே பாதி பந்திலும் ஒளிரும். இதற்கு மேல் விளக்கவுரை எதற்கு?

இப்னுல் ஹைதம் விட்டுச் சென்ற வழி

965 வாக்கில் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதமைப் பற்றி மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். அவர் செய்ததைச் செய்கிறோமா? பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது என்று ஏழு பாகங்கள் கொண்ட கிதாபுல் மனாழிரில் நிறுவிய அவர், விளக்குகளை வரிசையாக வைத்து, சிறு துளை வழியே இருட்டறைக்குள் ஒளி விழச் செய்து பார்த்தார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய ஒளிப்புள்ளி மட்டும் மறைந்தது. இரண்டு மெழுகுவர்த்தி, துளையிட்ட ஒரு அட்டை, ஒரு வெள்ளைத் தாள், இருட்டான அறை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆசிரியையின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம்.

முன்னோர் எழுதினார்கள் என்பதற்காக அப்படியே ஏற்காதே, சோதித்துப் பார் என்பது அவர் வழி. ஹதீஸ் கலை இமாம்கள் அறிவிப்பாளர் வரிசையைச் சோதித்தது போல! தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, கிளாஸைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும். ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது என்று பல இடங்களில் சொல்லித் தருகிறார்கள். அதே கிளாஸில் இரண்டு, மூன்று மெழுகுவர்த்தி வைத்துப் பாருங்கள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். உள்ளே இருக்கும் ஆக்ஸிஜன் அதே அளவுதானே? சூடாகி விரிந்த காற்று, சுடர் அணைந்ததும் குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியக் காரணம். கேள்வி கேட்கும் பிள்ளை புத்தகத்தின் பிழையையும் கண்டுபிடிக்கும்.

மூன்று ஆட்சேபணைகள்

முதலாவது, "பாடம் முடியாது" என்கிறார்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007-08இல் தமிழகம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம், பிள்ளைகளைத் தாமே செய்து கற்க வைத்து 2002 வரை நடந்தது. ஏழை கிராமங்களில் முடிந்தது நமக்கு முடியாதா?

இரண்டாவது, "பணம் இல்லை." மண் உருண்டை நீரில் மூழ்கும், அதே மண்ணைக் கிண்ணமாக வளைத்தால் மிதக்கும். தோலோடு போட்ட ஆரஞ்சு மிதக்கும், தோலுரித்தால் மூழ்கும். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் பட்டால் சிவக்கும். இதற்கெல்லாம் எந்த நிதி வேண்டும்? காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கப்பலோட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, இரும்பாணி மூழ்க இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது என்று தெரிய வேண்டாமா?

மூன்றாவது, "இது விளையாட்டு, வகுப்பில் சத்தம்." ஆசிரியை மேசையில் செய்து காட்ட, பிள்ளைகள் கைகட்டிப் பார்த்தால் அது வேடிக்கைதான். செய்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் கலைந்தால் அது விளையாட்டுதான். முதலில் ஊகம், பிறகு செய்முறை, பிறகு "நினைத்தது நடந்ததா, ஏன்?" என்ற பேச்சு. இந்த மூன்றும் இருந்தால் அது பாடம். இன்னொன்று: பையன்கள் கருவியைப் பிடிக்க, பெண் பிள்ளைகள் நோட்டில் எழுதுவது என்ற பிரிவினை வேண்டாம். அவர்கள் கையிலும் கொடுங்கள்.

ஜமாஅத்தார் செய்ய வேண்டியது

நிர்வாகிகளே! பள்ளிவாசலுக்கு மார்பிள் போட முன்வரும் செல்வந்தரிடம், ஜமாஅத் பள்ளிக்கூடத்துக்குப் பூதக்கண்ணாடியும் காந்தமும் வெப்பமானியும் கேளுங்கள். சொற்பச் சம்பளத்தில் கற்பிக்கும் நமது சகோதரிகளின் ஊதியத்தை உயர்த்துங்கள். அரைவயிற்று ஆசிரியையிடம் முழு உற்சாகம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. பிறை பார்க்கப் பள்ளிவாசல் மாடியைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோருக்குத் தந்திருக்கிறது. குழுவில் பாதிப் பேர் பெண்கள். போய் உட்காருங்கள், அறிவியல் வகுப்பு எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்பதற்கு முன்னால் "இன்று என்ன கேள்வி கேட்டாய்?" என்று விசாரியுங்கள்.

படைப்பைச் சிந்தித்துப் படைத்தவனை அறியும் கண்களையும், கேட்கத் தயங்காத நாவுகளையும் நமது பிள்ளைகளுக்கு வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! அவர்களுக்குக் கற்பிப்போரின் வாழ்வில் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.