லேபுக்கும் வீட்டுக்கும் நடுவே



ஃபயர்வாலுக்குப் பெயர்போன பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் பாலோ ஆல்டோவில் இல்லை, சான்டா கிளாராவில் இருக்கிறது. இன்டெல்லும் அங்கேதான். 1896 முதல் நகராட்சியே மின்சாரம் வழங்கும் ஊர் அது. சுற்றுவட்டாரத்தைவிடக் கட்டணம் குறைவு. வீட்டில் இரவும் பகலும் ஒரு சர்வரை ஓடவிட்டுத் தொழில் பழகுகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

2005இல் இன்டெல் தன் சிப்பிலேயே கொண்டுவந்த வசதியால், ஒரு கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டுவது எளிதானது. அவற்றுக்குள்ளும் மறுபடி மெய்நிகர் கணினிகளை ஓட்டினால் அது நெஸ்டட் லேப். ஒரு டேட்டா சென்டரையே ஒற்றைப் பெட்டியில் ஒத்திகை பார்க்கலாம்.

ஒத்திகையில் தவறு நடக்கட்டும், அதற்குத்தானே லேப்! ஆனால் லேபில் முகவரி வழங்கும் டிஹெச்சிபி சர்வர் வீட்டு நெட்வொர்க்கில் கலந்துவிட்டால், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றுவிடும். அதனால் முதல் வேலை ஃபயர்வால்தான்.

தனிக் கருவி வேண்டாம். பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து பிரிந்து 2015இல் வந்த ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்கள் இரண்டுமே இலவசமாகக் கிடைக்கின்றன. ஒன்றை மெய்நிகர் கணினியாக நிறுவி, இரண்டு நெட்வொர்க் கார்டு கொடுங்கள்: ஒன்று வீட்டு ரௌட்டர் பக்கம், மற்றது லேப் பக்கம். வீட்டில் 192.168.1 வரிசை என்றால் லேபுக்கு 10.10.10 வரிசை வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எந்தப் பக்கம் அனுப்புவதென்று ஃபயர்வாலுக்கே தெரியாது.

பலரும் திணறும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் உள்ளடுக்குக் கணினிக்கு நெட்வொர்க் வராது. மெய்நிகர் கணினிகளை விஎம்வேர் மென்பொருளில் ஓட்டினால், அதன் மெய்நிகர் சுவிட்ச், தான் அறிந்த மேக் முகவரிக்கு மட்டுமே தகவலைக் கொடுக்கும். மாடியில் குடியிருப்பவர் பெயர் தெரியாத தபால்காரர் மாதிரி. வெளியடுக்கில் ப்ராமிஸ்குவஸ் மோட், ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ் இரண்டையும் அனுமதித்தால் வழி திறக்கும். தயவுசெய்து லேபுக்கான போர்ட் குரூப்பில் மட்டும் அனுமதியுங்கள், சுவிட்ச் முழுவதற்கும் வேண்டாம்.

கடைசியாக விதிகள். ஃபயர்வால் அவற்றை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்துவதையே ஏற்கும். ஆகவே ‘லேபிலிருந்து வீட்டுக்குத் தடை’ மேலே, ‘இணையத்துக்கு அனுமதி’ அதன் கீழே. பிறகு லேப் கணினியிலிருந்து வீட்டுப் பிரிண்டருக்கு ஒரு பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் வரக் கூடாது. இணையப் பக்கம் மட்டும் திறக்க வேண்டும்.