பாலம் கட்டுவது நம் வேலை
(பங்கு ஜூபிலி விழாவில் ஆற்றிய உரை)



கோயில் கட்டிய கதையைப் பெரியோர் பலர் இம்மேடையில் சொன்னார்கள். கோயிலுக்கு வர முடியாதிருந்த காலத்தையும் நாம் சற்று நினைத்துப் பார்ப்போம்.

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. ஏப்ரல் 5 அன்று குருத்தோலைப் பவனி இல்லை. 12ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாவிலும் நாம் வீட்டிலேயே இருந்தோம். ஆற்றுக்கு அக்கரையில் திருவரங்கம் கோயிலிலும் பக்தர்கள் இல்லை. ரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ், மார்ச் 27 மாலை, ஆளில்லாத புனித இராயப்பர் சதுக்கத்தில் மழையில் நின்று செபித்தார்.

அந்நாட்களில் வண்டிச் சத்தம் ஓய்ந்து, குயிலின் குரல் கேட்டது. ஜூன் 12 அன்று, பல ஆண்டுகளுக்குப் பின் உரிய நாளிலேயே மேட்டூர் அணை திறந்தது. முக்கொம்பைக் கடந்து, காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு காவிரி வந்தது. ஆகஸ்ட் 2, ஆடிப்பெருக்கு. ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டமில்லை. வரவேற்க ஆளில்லை என்று ஆறு நின்றுவிடவில்லை. இறைவனின் இரக்கமும் அப்படித்தான் என்று தேறினோம்.

ஆனால் நம் இரக்கம் எப்படியிருந்தது? தனியே வாழ்ந்த மூதாட்டி ஒருவர், பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிறுதோறும் நம்மோடு பூசை கண்டவர். அவர் வீடு எது என்று நம்மில் பலருக்குத் தெரியாது. நம் இளைஞர்கள் தேடிப் போனபோது, அரிசியும் மாத்திரையும் தீர்ந்திருந்தன. பக்கத்து வீட்டு இந்து அம்மாள்தான் தினமும் வாசலில் கஞ்சி வைத்துக் குரல் கொடுத்து வந்திருக்கிறார். நமக்கு வெட்கமாயிருந்தது.

அன்றே தெருவாரியாகப் பட்டியல் எழுதினோம். முறைவைத்துப் போய், வாசலில் நின்று நலம் கேட்டோம். செப்டம்பர் 1 அன்று வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. நாம் கோயிலுக்குத் திரும்பினோம், பட்டியலை மறந்தோம். ஊரடங்கு முடிந்தாலும் முதியோரின் தனிமை முடியவில்லையே!

திருவரங்கம் ஒரு தீவு. காவிரியும் கொள்ளிடமும் அதைப் பிரிக்கின்றன. அவையே அதன் தோட்டங்களை வாழவும் வைக்கின்றன. தண்ணீரை இறைவன் தருகிறார். பாலத்தை மனிதர்தாம் கட்டவேண்டும்.

எனவே இந்த ஜூபிலிக்குக் காணிக்கையாக, அந்தப் பட்டியலை மீண்டும் கையில் எடுப்போம். விழா முடிந்து வீடு திரும்பும் வழியில், தனித்திருக்கும் ஒருவரின் கதவையாவது தட்டுவோம்.

இறைவன் நம் பங்கை ஆசீர்வதிப்பாராக!